தொரைக்குப் போட்ட மாலை

இராசாத்தியிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்லலாம். ஐம்பத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிளில் பறக்கிறாளே என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கலாம். அதையெல்லாம் அவள் கண்டுகொள்ள மாட்டாள். ஆனால் முதலைப் பண்ணையின் முன்தொட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முதலை, அலிகேட்டர் எல்லாம் ஒண்ணுதானேக்கா" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் அன்றைக்குத் தொலைந்தார்.

"எப்படிங்க ஒண்ணு? ஆடும் மாடும் ஒண்ணா? ரெண்டுக்கும் நாலு காலு, ரெண்டு கொம்பு, ஒரு வாலு. நாளைக்கு மாட்டை வெட்டி ஆட்டுக்கறின்னு உங்க இலையில போட்டா, ஒண்ணுதானேன்னு சாப்பிட்டுட்டுப் போவீங்களா?"

சொன்னவர் பெரும்பாலும் பினாங்கிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ பிள்ளைகளோடு வந்தவராக இருப்பார். ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பார். அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இராசாத்தி விட மாட்டாள். கோழித்தலை வாளியைக் கீழே வைத்துவிட்டு, கம்பிக்குள் விரலை நீட்டிப் பாடத்தை ஆரம்பித்துவிடுவாள்.

"வாயை மூடியிருக்கு பாருங்க. கீழ்ப்பல்லு ஒண்ணாவது வெளிய தெரியுதா? தெரியாது. இது அலிகேட்டர். இப்ப இந்தப் பக்கம் வாங்க. இது முதலை. கீழ்த்தாடையில முன்னாலேர்ந்து நாலாவது பல்லு, வாயை மூடினாலும் வெளிய துருத்திக்கிட்டு நிக்குதா? மூஞ்சியைப் பாருங்க, முன்னால கூம்பிப் போவுது. அதுக்கு மம்பட்டி மாதிரி அகலம். இனிமே ஒண்ணுன்னு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்க்கா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் நகர முடியும்.

பண்டார் பாருவைத் தாண்டி, செம்பனை மரங்கள் முடிந்து கிரியான் ஆறு தெரிகிற இடத்தில் இருக்கிறது அந்தப் பண்ணை. ஆறு பெரிய தொட்டிகளில் நூற்றுச் சொச்சம் முதலைகள். தோலுக்காக ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், ஆரம்பித்தது. பிற்பாடு வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். திகாம் பத்துவில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த இராசாத்தி, புருசன் போன பிறகு, தங்கச்சி வீட்டோடு இருக்கலாம் என்று இந்தப் பக்கம் வந்தவள். வந்த மூன்றாம் மாதம் முதலைக்குத் தீனி போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். பதினொரு வருடம் ஆகிவிட்டது.

அந்த நூற்றுச் சொச்சத்தில் அலிகேட்டர் ஒன்றே ஒன்றுதான். எங்கேயோ மூடிப்போன ஒரு விலங்குப் பூங்காவிலிருந்து தவுக்கே வாங்கி வந்தது. அமெரிக்காவில் பிறந்தது என்று கேள்விப்பட்டதும், பண்ணை ஆட்கள் அதற்குத் தொரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்கார மானேஜரைக் கூப்பிட்ட அதே பெயர். ஆள் என்னவோ தார் போலக் கறுப்பு. ஆனால் பவிசு தொரைக்கேற்ற பவிசுதான். முன்தொட்டி முழுக்க அவனுக்கு மட்டும். தீனிக்காக ஒருநாளும் முண்டியடித்தது கிடையாது. முதலைகள் வாளிச் சத்தம் கேட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கும். தொரை தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுக் காத்திருப்பான்.

காலையில் அவள் தண்ணீர் மோட்டாரைத் தட்டிவிட்டால் போதும், அந்த உறுமலுக்குத் தொரை பதில் கொடுப்பான். தொண்டையைத் தூக்கி, வாலைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம். சத்தம் வருவதற்கு முன்பே அவன் முதுகு அதிரும். முதுகின் மேல் நிற்கிற தண்ணீர் சட்டியில் பொரி பொரிவதுபோலத் துள்ளும். முதலைகள் எதுவும் மோட்டாருக்கு அப்படிப் பதில் கொடுத்ததில்லை. "இருடா தொரை, வரேன் வரேன்" என்று இராசாத்தி குரல் கொடுப்பாள். அவளோடு வேலை செய்கிற காளிதாசன், "அவனுக்குப் பதில் சொல்றீங்க, நான் கூப்பிட்டா மட்டும் காதுல விழாது" என்று சலித்துக்கொள்வான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஏதோ உயிர்களிடத்தில் உருகுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். முதலைக்கறி சாப்பிடுவாள். நன்றாகவே சாப்பிடுவாள். வால் கறியைச் சின்னச் சின்னதாக அரிந்து, மிளகும் சோம்பும் இடித்துப் போட்டு அவள் வறுத்தால், காளிதாசன் சட்டியை வழித்துத் தின்பான். முதலை வெட்டப் பண்ணைக்கு அனுமதி இருக்கிறது, வெட்டுகிறார்கள், சாப்பிடுகிறோம், இதில் என்ன வெட்கம்? இன்னதைத் தின்கிறோம் என்று தெரிந்து தின்னவேண்டும். அவ்வளவுதான் அவள் கட்சி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பண்ணை கை மாறியது. வாங்கியவர் சிவநேசன். சுங்கைப் பட்டாணியில் துணிக்கடை வைத்திருப்பவர். சேலை விற்ற கையோடு முதலை விற்க வந்தவருக்கு, இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்கத் தெரிந்தது: எது போகும், எது போகாது. துணிக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறேன், நம் பண்ணைக் கறிதான் அங்கே விசேஷம் என்றார். இராசாத்தி சந்தோஷப்பட்டாள். பெயர்ப்பலகையைக் கைத்தொலைபேசியில் படமாகக் காட்டுகிற வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். பச்சை எழுத்தில் 'அலிகேட்டர் கிரில்' என்று போட்டிருந்தது.

"என்ன பாஸ் இது? கடையில போடறது முதலைக்கறி. போர்டுல அலிகேட்டர்னு இருக்கு."

"முதலைன்னு போட்டா ஜனங்க மூஞ்சியைச் சுளிப்பாங்கக்கா. அலிகேட்டர்னா ஒரு கெத்து இருக்குல்ல."

"அதுக்காகப் பொய் எழுதுவீங்களா?"

"பொய் என்னக்கா பொய்? மலாய்க்காரனைக் கேளுங்க, ரெண்டையும் புவாயான்னுதான் சொல்லுவான். சாமாதான்லா. எல்லாம் ஒண்ணுதான்."

முதலாளி என்று பார்க்காமல் அன்றைக்கு இராசாத்தி கத்தினாள். ஆடு மாடு கதையைச் சொன்னாள். பல் கணக்கைச் சொன்னாள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எழுதி வைக்கிற கடையில் நான் கை நனைக்க மாட்டேன் என்றுகூடச் சொன்னாள். சிவநேசன் புடவை விலை கேட்டுவிட்டுப் போகிற பெண்ணைப் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டே நின்றார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். சம்பளம் கொடுக்கிறவன் என்றால் பல்லைக்கூட எண்ணிப் பார்க்க வேண்டாமா?

விஜயதசமியன்று கடையில் பால் காய்ச்சுவது, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கறி விருந்து என்று முடிவானது. வெட்டுவதற்குத் திகாம் பத்துப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அம்மாசியை அழைத்திருந்தார்கள். நாற்பது வயது, இரும்பு போன்ற உடம்பு, தோட்டத்து முனியாண்டி கோயிலில் வருஷா வருஷம் கிடாய் வெட்டுகிறவன். முதலை வெட்டியதில்லை, கத்தி எல்லா உயிருக்கும் ஒன்றுதான் என்றான். அந்த 'ஒன்றுதான்' இராசாத்திக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை அவன் பண்ணையைப் பார்க்க வந்தபோது, நாலாம் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் முழுப் பாடத்தையும் நடத்திவிட்டாள்.

"நாலாம் தொட்டியில இருக்கிறதுல ஒண்ணு. கூம்பு மூஞ்சி, பல்லு வெளிய. முன்தொட்டியில தொரை இருக்கான், அந்தப் பக்கமே போவக்கூடாது. என்ன?"

"சரிக்கா."

"என்ன சரி? திருப்பிச் சொல்லு."

"கூம்பு மூஞ்சி, பல்லு வெளிய. முன்தொட்டிப் பக்கம் போவக்கூடாது." அம்மாசி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான். பிறகு தயங்கிக்கொண்டே, "பூசை யாரு போடுவாங்கக்கா? மாலை, மஞ்சத்தண்ணி இல்லாத உயிர் மேல நான் கத்தி வைக்கிறதில்ல. கோயில் முறை" என்றான்.

"அதெல்லாம் காளிதாசன் பார்த்துக்குவான். நீ பல்லைப் பாரு" என்றாள் இராசாத்தி. அவளுக்குப் பல்தான் முக்கியம். காளிதாசனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன், "முதலைக்கு மாலையா? நல்லாருக்குக்கா" என்று சிரித்தான். அவன் செய்யப்போவதில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. கோழி லாரி வந்து நின்றதால் அவள் அதைத் திரும்பிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. காலையில் சிவநேசன் இன்னொரு கூத்தைக் கிளப்பினார். விருந்துக்கு மறுநாள் பெரிய மனுசர்கள் பண்ணையைப் பார்க்க வருகிறார்களாம். முன்தொட்டிக்குச் சாயம் அடிக்க வேண்டுமாம். சாயம் காய்கிறவரை தொரையை நாலாம் தொட்டியை ஒட்டிய சின்னத் தொட்டிக்கு மாற்றச் சொன்னார். காயம் பட்ட முதலையைத் தனியாக வைக்கிற தொட்டி அது.

"அவ்வளவு சின்னதுல அவன் திரும்பக்கூட முடியாது பாஸ்."

"மூணு நாளுதானேக்கா."

முனகிக்கொண்டே அவளும் காளிதாசனும் இன்னும் நாலு பேரும் வாயைக் கட்டி, கண்ணுக்குத் துணி போட்டு, பலகையில் ஏற்றித் தொரையை மாற்றினார்கள். பாவம், ஒரு திமிறு திமிறியதோடு சரி. கட்டை அவிழ்த்த பிறகும் கோபித்துக்கொள்ளாமல் தரையில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

மத்தியானம் பூசை நடந்தது. சோறு போடுகிற பொருளுக்கெல்லாம் அன்றைக்கு மரியாதை. மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம். தீனி வாளிக்கு, கொக்கிக் கழிக்கு, லாரிக்கு, சிவநேசன் காருக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு. கடைசியில் இராசாத்தி, பதினொரு வருடமாகச் செய்வதுபோல, செவ்வந்தி மாலையை எடுத்துக்கொண்டு தொரையிடம் போனாள். அவனைப் பார்க்கத்தானே ஜனங்கள் வருகிறார்கள்? அவனால்தானே இத்தனை அடுப்பு எரிகிறது? அப்படியென்றால் வாளிக்குப் பொட்டு வைத்துவிட்டு அவனுக்கு வைக்காமல் விடுவது என்ன நியாயம் என்பது அவள் வழக்கு. குழாயால் கழுவிவிட்டாள். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினாள். நீளக் கழியின் நுனியில் பஞ்சு கட்டி, குங்குமத்தில் தோய்த்து, இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒற்றினாள். மாலையைக் கொக்கியில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கிக் கழுத்தின் மேல் போட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் தொரை முழங்கினான். முதுகில் மஞ்சள் தண்ணீர் துள்ளியது.

"மூணே நாளு. பொறுத்துக்கடா" என்று சொல்லிவிட்டு, சாயங்காலமே சுங்கைப் பட்டாணிக்குப் புறப்பட்டாள். அங்கே மகள் ரூபினி வீடு. சனிக்கிழமை பேத்திக்கு அரிசியில் எழுத்து எழுதப் பழக்குகிறார்கள். அதை முடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அங்கிருந்தே போய்விடலாம்.

கை நனைக்க மாட்டேன் என்று சொன்னவள் ஏன் போனாள் என்று கேட்டால், அவளே ஒரு நியாயம் வைத்திருந்தாள். போர்டில் பொய் எழுதியிருந்தாலும் இலையில் விழுவது நான் வளர்த்த முதலை. அதை மரியாதையாகச் சமைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா?

கடையில் நல்ல கூட்டம். வாழையிலை போட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். சாம்பார், ரசம் எல்லாம் பின்னால்தான். முதலில் சோறும் கறிப் பிரட்டலும். கறுப்பாக, எண்ணெய் மினுக்க, மிளகு வாசத்தோடு வந்து விழுந்தது. இராசாத்தி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்லினாள். நன்றாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும்: மிகவும் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த கோடு போட்ட சட்டைக்காரர், "முதல் தடவையா அலிகேட்டர் சாப்பிடறேன். கோழி மாதிரியே இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். இராசாத்திக்கு ஏறிவிட்டது.

"இது அலிகேட்டர் இல்லைங்க. போர்டைப் பார்த்து ஏமாறாதீங்க. இது முதலை. நான் தீனி போட்டு வளர்த்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. வாயை மூடியிருக்கும்போது பார்த்தீங்கன்னா..." சோற்றைப் பிசைந்துகொண்டே, கறியைக் கடித்துக்கொண்டே, நாலாவது பல்லையும் மம்பட்டி மூஞ்சியையும் விளக்கி முடித்தாள். "தெரிஞ்சு சாப்பிடணுங்க. கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடறது மனுசன் பண்ற வேலையில்ல."

சட்டைக்காரர் தலையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கூடக் குனிந்து கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு நாலு பேர் ஒழுங்காகக் காது கொடுத்ததில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

அப்போதுதான் அம்மாசி சமையல்கட்டிலிருந்து வந்தான். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான். இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் பேசின் பாத்திரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தான். மேலே வாழையிலை மூடியிருந்தது. அவள் பக்கத்தில் வந்து, பேசினை மேசையில் வைத்து, குனிந்து சொன்னான்:

"உங்க பங்குக்கா. மாலை போட்டவங்களுக்குத்தான் தலை. எங்க கோயில் முறை. அதான் சட்டியில போடாம எடுத்து வச்சேன்."

"நான் எங்கடா மாலை போட்டேன்?" என்று சொல்லிக்கொண்டேதான் இராசாத்தி இலையை விலக்கினாள்.

வாய் மூடியிருந்தது. அகலமான, வட்டமான, கறுப்பு மூஞ்சி. கீழ்ப்பல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் கழுவியும் போகாத குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. வாய்க்குள் இன்னும் கறி இருந்தது. அதைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியவில்லை. பிறகு இடது கையில் துப்பினாள்.

"டேய் அம்மாசி." குரல் அவளுடையது போலவே இல்லை. "பல்லைப் பாருன்னு சொன்னேனேடா. திருப்பித் திருப்பிச் சொன்னேனேடா."

அம்மாசி ஒன்றும் புரியாமல் நின்றான். "நாலாம் தொட்டிப் பக்கம்தான்க்கா போனேன். நீங்க சொன்ன மாதிரி முன்தொட்டிக்குப் போவவே இல்ல. இன்னைக்கு விடியக்காலையில போயிட்டேன். காளிதாசன் ஐஸ் வாங்க பாரிட் புந்தாருக்குப் போயிருந்தான். பெரிய தொட்டியில பார்த்தேன், ஒண்ணுத்துக்கும் மாலை இல்ல. பக்கத்துல சின்னத் தொட்டியில ஒண்ணை மட்டும் தனியா எடுத்து வச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தி, பொட்டு வச்சு, மாலையும் போட்டிருந்துச்சு. வாசல்ல இருந்த காவல்காரனைக் கேட்டேன். இராசாத்தியக்காதான் பூசை போட்டாங்கன்னு சொன்னான்."

"வாயைப் பார்க்கலையா நீ?"

"மாலை போட்டிருக்கிறப்ப வாயை எதுக்குக்கா பார்க்கணும்?"

அவள் அந்தக் குங்குமத்தை விரலால் தொட்டாள்.

"சாமி உத்தரவும் கேட்டேன்க்கா," அம்மாசி இன்னும் நல்ல சேதி சொல்கிறவன் போலவே சொன்னான். "மோட்டாரைப் போட்டு, குழாய்த் தண்ணியை மேல விட்டேன். ஆடு சிலுப்பினாத்தானே நாங்க வெட்டுவோம்? சில ஆடு அரை மணி நேரம் சிலுப்பாது. இது, தண்ணி பட்டதும் தலையைத் தூக்கி, ஒடம்பே அதிர, சத்தம் போட்டுச் சிலுப்புச்சு. முதுகுல தண்ணியெல்லாம் எகிறுது. நான் இத்தனை வருசத்துல அப்படி ஒரு உத்தரவு பார்த்ததில்ல. கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் வெட்டினேன்."

தொரை மோட்டாருக்குப் பதில் கொடுத்திருக்கிறான். எப்போதும்போல. 'இருடா, வரேன்' என்கிற குரலுக்காகக் காத்திருந்திருப்பான்.

இராசாத்தி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பேசினைத் தூக்கிக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போய், சிவநேசன் முன்னால் வைத்தாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. இது யாருன்னு தெரியுதா?"

சிவநேசன் எட்டிப் பார்த்தார். "முதலைத் தலைதானே?"

"தொரை! இது தொரை! ரெண்டு வருசமா இவனைக் காட்டித்தானே டிக்கெட் விக்கறீங்க? இவன் மூஞ்சி ஒங்களுக்குத் தெரியல? மூணு நாளுன்னீங்களே, முன்தொட்டிக்குச் சாயம் அடிக்கணும்னீங்களே! யாரு அங்க போவப் போறா இப்ப? சாயத்தையா காட்டப் போறீங்க?"

பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். சிவநேசன் சுற்றிலும் பார்த்தார். விருந்தாளிகள், உறவுக்காரர்கள், பெரிய மனுசர்கள். சூழ்நிலையைச் சரிசெய்ய நினைத்துச் சிரித்தார்.

"விடுங்கக்கா. போர்டுல பொய் எழுதியிருக்கேன்னு சண்டை போட்டீங்கல்ல? இப்ப போர்டு உண்மையாயிருச்சு பாருங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சட்டைக்காரர் சிரிக்கவில்லை. தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறீங்களா?" இராசாத்தி கல்லா மேசையில் ஓங்கித் தட்டினாள். "எல்லாம் ஒண்ணு, எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லியே ஒருத்தனை வெட்டித் தின்னுட்டு உக்காந்திருக்கீங்க. ஒரு பல்லு! ஒரே ஒரு பல்லைப் பார்க்க ஒங்க யாருக்கும் நேரமில்லையா?"

இப்போதுதான் சிவநேசனுக்கு உறைத்தது. தலைக்காக இல்லை, டிக்கெட்டுக்காக. நாளைக்கு வருகிற பெரிய மனுசர்களுக்கு எதைக் காட்டுவது? பண்ணையில் அலிகேட்டரை வெட்ட அனுமதி ஏது? யாராவது எழுதிப் போட்டால் என்ன ஆகும்? முகம் சிவந்துபோய், கல்லாவை விட்டு வெளியே வந்து அம்மாசியின் சட்டையைப் பிடித்தார்.

"ஒன்னை முதலை வெட்டத்தானேடா கூப்பிட்டேன்? யாரைக் கேட்டு இதுல கை வச்ச? போலீஸ்ல சொல்லி உள்ள தள்றேன் பாரு. தோட்டத்து முட்டாள்!"

அம்மாசி கையை உதறவில்லை. நடந்தது என்ன என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது. முகம் வெளிறிப்போய்ப் பேசினையே பார்த்தான். மூடிய வாயை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தான். "பல்லு வெளிய இல்ல..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பதினொரு வருடத்தில் பாடத்தை உண்மையாகவே படித்துக்கொண்ட ஒரே ஆள் அவன்தான்.

"எவன்டா இதுக்கு மாலை போட்டுத் தனியா வச்சது? பேரைச் சொல்லு!" சிவநேசன் உலுக்கினார்.

அம்மாசி இராசாத்தியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "தெரியலைங்க மொதலாளி. என் தப்புதான்" என்றான்.

இராசாத்திக்குள் கொதித்துக்கொண்டிருந்தது முழுக்க அந்த ஒரு பொய்யில் வந்து முட்டியது. கத்துவதற்கு அவளிடம் இன்னும் எத்தனையோ இருந்தது. சிவநேசனைத் திட்டலாம், சிரித்தவர்களைத் திட்டலாம், மாலை வாங்காத காளிதாசனைத் திட்டலாம். ஆனால் பல்லைப் பார், பல்லைப் பார் என்று ஊருக்கே சொன்னவள், அம்மாசி கேட்ட ஒரே கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லையே. மாலை போட்ட உயிர் எதற்கென்று தோட்டத்தில் பிறந்த அவளுக்குத் தெரியாதா? தன் கையாலேயே போட்டாள். தன் வாயாலேயே தின்றாள். கேட்டு வாங்கித் தின்றாள். தின்னும்போது நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"அவனை விடுங்க பாஸ்," என்றாள். "மாலை போட்டவ நான்."

சிவநேசன் கை தானாகவே இறங்கியது.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். இலையில் சோறும், பாதி கடித்த கறித்துண்டும், கேட்டு வாங்கிய இரண்டாவது பங்கும் அப்படியே இருந்தன. விருந்து வீட்டில் இலையைத் தன் பக்கமாகத்தான் மடிப்பார்கள். இராசாத்தி அதைக் கீழிருந்து தூக்கி, எழவு வீட்டில் மடிப்பதுபோல, எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

எதிரில் இருந்த சட்டைக்காரர் அதைப் பார்த்தார். அவரும் தன் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தார். இராசாத்தி கல்லாவில் இருந்த பேசினை வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு, கை கழுவாமல் வெளியே நடந்தாள்.